மனித மனம் எப்படி உருவானது என்று மேற்படிப்பு படிக்கலாமா? வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு படிப்பகத்தில் வார இறுதி மாலைகளில் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். மானிடவியலில் முதுகலை முடித்துவிட்டு, சின்னக் குழந்தைகள் பெரியவர்களைப் பார்த்து எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். "மனித மனம் எப்படிப் பரிணமித்ததுன்னு படிக்கிறேன்" என்று சொன்னதும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பிள்ளைகள் கேட்கிறார்கள், கூட வரும் அம்மா அப்பாவும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும்.

அக்கா, மனசு என்ன எலும்பா, மண்ணைத் தோண்டினா கிடைக்க? இதுல படிக்க என்ன இருக்கு?

மனம் மண்ணில் கிடைக்காது, சரிதான். ஆனால் மனம் செய்த வேலை கிடைக்கும். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உடைத்துச் செதுக்கிய கல் கிடைக்கிறது. மண்டையோட்டின் உள்பக்கத்தை அச்செடுத்தால் மூளை எவ்வளவு பெரிதாக இருந்தது, எந்தப் பக்கம் புடைத்திருந்தது என்று தெரிகிறது. பழைய எலும்பிலிருந்து மரபணுவை எடுக்கிறார்கள். இது இறந்தவர்கள் விட்டுப்போன சாட்சி.

உயிரோடு இருக்கும் சாட்சிகளும் உண்டு. சிம்பன்சி, குரங்கு, காகம் போன்ற விலங்குகளை நம்மோடு ஒப்பிட்டால் எது பொது, எது நமக்கு மட்டும் உரியது என்று பிரித்துப் பார்க்கலாம். பேச்சு வராத குழந்தையைக் கவனித்தால் கற்றுக்கொடுக்காமலே வருவது எது, பழக்கத்தில் வருவது எது என்று ஓரளவு தெரியும். உலகின் பல சமூகங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் மனிதர் எல்லோருக்கும் பொதுவானது எது என்று தெரியும். இவற்றில் எந்த ஒன்றும் தனியாகப் போதாது. இரண்டு மூன்று சாட்சிகள் ஒரே பக்கம் கை காட்டும்போதுதான் நம்பத் தொடங்குகிறோம். இந்தப் படிப்பின் உயிர்நாடி அதுதான்.

குரங்குலேர்ந்து மனுஷன் வந்தான்னா, இப்ப இருக்கிற குரங்கெல்லாம் ஏன் அப்படியே இருக்கு?

இப்போதுள்ள எந்தக் குரங்கிலிருந்தும் நாம் வரவில்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான ஒரு மூதாதை இனம் ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது. அங்கிருந்து வழி பிரிந்தது. தன் வழியில் சிம்பன்சியும் அத்தனை காலம் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. நம் சமச்சீர் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் "உயிரின் தோற்றமும் பரிணாமமும்" என்று ஒரு பாடம் இருக்கிறது. தேர்வுக்காகப் படித்து மறந்திருந்தால் திரும்ப எடுத்துப் படியுங்கள். இந்தப் பக்கத்துக்கு அது போதும்.

இது சைக்காலஜியா, ஆந்த்ரோபாலஜியா, பயாலஜியா? எந்த டிபார்ட்மென்ட்ல அப்ளை பண்ணணும்?

இந்தப் பெயரிலேயே பட்டம் தேடினால் இந்தியாவில் அலைய வேண்டியிருக்கும். துறையின் பெயரை விட்டுவிட்டு உங்களை இழுக்கும் கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கல், எலும்பு, பழைய மனிதர் என்றால் மானிடவியல் அல்லது தொல்லியல். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் மானிடவியல் துறை உண்டு. தொல்லியலுக்குப் புனேயின் டெக்கன் கல்லூரி பெயர் பெற்றது. குழந்தை, நினைவாற்றல், மூளை என்றால் உளவியல் அல்லது காக்னிட்டிவ் சயின்ஸ் எனும் அறிதிறன் அறிவியல். அலகாபாத் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம், காந்திநகர் ஐஐடி, கான்பூர் ஐஐடி ஆகிய இடங்களில் அதற்கென்றே துறையோ மையமோ இருக்கிறது.

விலங்குகளின் நடத்தை என்றால் உயிரியல் பக்கம் போக வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் மையம் இருக்கிறது. அதே வளாகத்திலுள்ள தேசிய மேம்பட்ட ஆய்வு நிறுவனத்தில் குரங்குகளின் மனத்தைப் பற்றி நெடுங்காலமாக ஆய்வு நடக்கிறது. பந்திப்பூரில் நாட்டுக்குரங்குகள் சுற்றுலாப் பயணிகளிடம் கையை நீட்டி, தனிக் குரல் கொடுத்துச் சாப்பாடு கேட்கின்றன என்று 2018-ல் வெளியான ஆய்வு அங்கிருந்து வந்ததுதான். காட்டுக்குரங்கு மனிதனைப் பார்த்து, மனிதனுக்காகவே ஒரு சைகை செய்கிறது என்றால் அதன் தலைக்குள் நம்மைப் பற்றி என்ன இருக்கும்? எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

நான் பி.காம். முடிச்சேன். தங்கச்சி பி.ஏ. தமிழ். எங்களை எடுத்துப்பாங்களா?

மானிடவியல் முதுகலைக்குப் பொதுவாக எந்த இளங்கலைப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அறிதிறன் அறிவியலும் பல துறையினருக்குக் கதவு திறந்து வைத்திருக்கும் படிப்பு. உளவியல் முதுகலையும் உயிரியல் ஆய்வுப் படிப்புகளும் கொஞ்சம் கறார். அந்தந்த ஆண்டின் தகுதி விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பி.காம். படித்தவருக்கு ஒரு வசதி இருக்கிறது. புள்ளியியலைக் கண்டு பயப்பட மாட்டார். இந்தத் துறையில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் அதுதான். தமிழ் படித்த தங்கைக்கு மொழி, கதை, சடங்கு பற்றிய கேள்விகளில் கை ஓங்கும். இருவருக்கும் குறைவது பள்ளிக்கூடத்து உயிரியல்தான். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகங்களைப் பொறுமையாகப் படித்தால் அதைச் சரிக்கட்டிவிடலாம்.

இதெல்லாம் ஆப்பிரிக்காவுல தோண்டுறவங்க விஷயம். நம்ம வட சென்னைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே கடலில் சேரும் கொசஸ்தலையாறுதான் நம் சம்பந்தம். அந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் பூண்டி ஏரி வரும். அந்தப் பக்கத்தில்தான், சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் அவர் நண்பர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். இந்த வகைக் கற்கருவிகளுக்கு "மெட்ராஸ்" என்ற பெயரைச் சேர்த்துப் பேசிய காலமும் இருந்தது.

பிற்காலத்தில் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே அடுக்கடுக்காகத் தோண்டி, ஒவ்வொரு அடுக்கின் வயதையும் கணித்தார்கள். கீழடுக்குகளிலிருந்த கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியிட்டார்கள். 2018-ல் இன்னொரு முடிவு வந்தது. மேலடுக்குகளில் கிடைத்த 7,200-க்கும் மேற்பட்ட கற்களைப் பார்த்தபோது, ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய கைக்கோடரியை விட்டுவிட்டுச் சிறிய, திட்டமிட்டுப் பெயர்த்த சில்லுக் கருவிகளுக்கு அங்குள்ளவர்கள் மாறத் தொடங்கியது தெரிந்தது. அந்தத் தொழில்நுட்பம் ஆப்பிரிக்காவிலிருந்து வெகு காலம் கழித்துத்தான் இங்கே வந்திருக்க வேண்டும் என்ற பழைய கணக்கை இது ஆட்டிவிட்டது.

செய்தவர்கள் யார்? அங்கே மனித எலும்பு கிடைக்கவில்லை. நம் இனத்தின் எலும்பு என்று சொல்லத்தக்கவற்றில் மிகப் பழையது மொராக்கோவில் கிடைத்தது, அதன் வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள். இந்தியாவிலோ அவ்வளவு பழைய மனித மண்டையோடு என்று சொல்ல 1982-ல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் கிடைத்ததுதான் இருக்கிறது. ஆக, கேள்வி திறந்தே கிடக்கிறது. நம் வாசலுக்கு வரும் ஆற்றின் கரையில் திறந்து கிடக்கும் கேள்வி இது. ஆப்பிரிக்காவுக்கு டிக்கெட் எடுக்குமுன் திருவள்ளூருக்கு ரயில் ஏறுங்கள்.

ஒரு கல்லைப் பார்த்து, அவன் மூளையில என்ன ஓடிச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்? கதை விடுறாங்களோ?

கைக்கோடரி ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்க முடியும், பரவாயில்லை. குவார்ட்சைட் கல், கண்ணீர்த்துளி வடிவம். ஒரு பக்கத்தில் பெயர்த்த தழும்புக்கு எதிர்ப்பக்கத்தில் அதற்கு ஈடான தழும்பு இருக்கும். ஓரம் மெலிவதற்கு முன் தட்டும் இடத்தைத் தேய்த்துத் தயார் செய்திருப்பார்கள். எந்தத் தழும்பின் மேல் எந்தத் தழும்பு ஏறியிருக்கிறது என்று பார்த்தால் எந்த அடி முதலில் விழுந்தது, எது பின்னால் விழுந்தது என்று வரிசைப்படுத்தலாம். அந்த வரிசைதான் நமக்குக் கிடைக்கும் சாட்சி. முடிவு வடிவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, இடையில் கல் தவறாக உடைந்தால் திருத்திக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று அதிலிருந்து சொல்லலாம்.

அடுத்த படி சோதனை. இன்றைய மனிதர்களுக்கு மாதக்கணக்கில் கல் செதுக்கப் பயிற்சி கொடுத்து, மூளையை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டீட்ரிச் ஸ்டவுட் இதில் முன்னோடி. வெறும் சில்லு பெயர்ப்பதைவிடக் கைக்கோடரி செய்யும்போது, மொழியோடும் தொடர்புடைய முன்மூளைப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்கின்றன. இதை வைத்து "கைக்கோடரி செய்தவன் பேசினான்" என்று எழுதினால் அது கதை. "இரண்டுக்கும் பொதுவான ஒரு திறமை, படிப்படியாகத் திட்டமிடும் திறமை, அப்போதே இருந்திருக்கலாம்" என்பது ஆய்வு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளவே இரண்டு வருடம் முதுகலை படிக்கலாம்.

மூளை பெரிசாச்சு, அறிவு வந்துச்சு. அவ்ளோதானே?

பாதி சரி. 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, லூசி என்று பெயர் வைக்கப்பட்ட மூதாதைப் பெண்ணின் இனத்துக்கு மூளை ஏறத்தாழ 400 முதல் 500 கன சென்டிமீட்டர். நமக்குச் சராசரி 1,350 அளவில். ஆனால் அழிந்துபோன நம் உறவினமான நியாண்டர்தால் மனிதருக்கும் நம் அளவு மூளை இருந்தது, சிலருக்கு அதைவிடப் பெரிதாகவும் இருந்தது. இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் 2003-ல் கிடைத்த குள்ள மனித இனத்துக்குச் சிம்பன்சி அளவு மூளைதான், பக்கத்திலேயே கற்கருவிகள் கிடந்தன. காகத்தின் மூளையோ கைப்பிடிக்குள் அடங்கிவிடும். நியூ கலிடோனியத் தீவின் காகம் குச்சியை அலகால் செதுக்கிக் கொக்கி செய்கிறது.

மூளைக்குச் செலவும் அதிகம். உடல் எடையில் 2 சதவீதம்தான், ஓய்வாக இருக்கும்போது உடல் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தின்கிறது. பிறந்த குழந்தைக்கு, வளர்ந்தவர் மூளையில் ஏறத்தாழ 30 சதவீத அளவுதான் இருக்கும். மீதி வளர்வது அம்மா மடியிலும் தெருவிலும்தான். அதனால் "ஏன் பெரிதானது" என்று கேட்பவர்கள் "யார் சோறு போட்டார்கள், யார் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள்" என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பாட்டிகளின் பங்கு பற்றி இந்தத் துறையில் பெரிய விவாதமே நடந்துகொண்டிருக்கிறது.

சிம்பன்சிக்கு நம்மைவிட ஞாபக சக்தி அதிகம்னு வீடியோ பார்த்தேன். நிஜமா?

அது கியோட்டோ பல்கலைக்கழகத்தின் அயுமு என்ற சிம்பன்சி. திரையில் எண்கள் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மின்னி மறையும். அவை இருந்த இடங்களை அயுமு வரிசை தவறாமல் தொடும். 2007-ல் இதை வெளியிட்டார்கள். பிறகு மனிதர்களுக்கும் நிறையப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது அவர்களும் அந்த அளவுக்கு வந்தார்கள். பழகிய சிம்பன்சியையும் பழகாத மனிதனையும் ஒப்பிட்டால் பழக்கத்தின் வித்தியாசம்தான் தெரியும்.

அதே 2007-ல் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்தினர் வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டரை வயதுக் குழந்தைகள் 105 பேர், சிம்பன்சிகள் 106, ஒராங்குட்டான்கள் 32. எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சோதனைகள். பொருளை ஒளித்துவைத்தால் கண்டுபிடிப்பது, அளவு பார்ப்பது போன்றவற்றில் குழந்தையும் சிம்பன்சியும் ஏறக்குறைய சமம். ஒருவரைப் பார்த்துக் கற்பது, அவர் எதைச் சுட்டுகிறார் என்று புரிந்துகொள்வது போன்றவற்றில் குழந்தைகள் ஏறத்தாழ இரு மடங்கு மேலே.

2005-ல் இன்னொரு சோதனை. பெட்டிக்குள் ஒரு பரிசு. திறக்கும்போது தேவையில்லாத சில செய்கைகளையும் சேர்த்துச் செய்து காட்டுகிறார்கள், மேலே ஒரு துளையில் குச்சியை விடுவது மாதிரி. பெட்டி கண்ணாடி போல உள்ளே தெரிவதாக இருந்தால், அந்தக் குச்சி வேலை வீண் என்று கண்டுகொண்டு சிம்பன்சி அதை விட்டுவிடுகிறது. குழந்தை விடுவதில்லை, காட்டியதை முழுவதும் அப்படியே செய்கிறது. பார்த்தால் சிம்பன்சிதான் சமர்த்து. ஆனால் காரணம் புரியாவிட்டாலும் பெரியவர் செய்ததை அப்படியே வாங்கிக்கொள்ளும் பழக்கம் இருப்பதால்தான் ஒரு தலைமுறைக்குத் தெரிந்தது அடுத்ததற்குக் குறையாமல் போகிறது என்று பலர் கருதுகிறார்கள். நானும் அந்தக் கட்சி.

லேப் இல்லை, காசும் இல்லை. இங்கயே இருந்து செய்யக்கூடிய புராஜெக்ட் ஏதாவது இருக்கா அக்கா?

இருக்கிறது, காசிமேட்டில். துறைமுகத்தில் வலை பழுது பார்க்கும் இடத்துக்குப் போங்கள். பெரியவர் கால் கட்டைவிரலில் வலையை இழுத்து மாட்டிக்கொண்டு, ஊசியில் சுற்றிய நூலால் அறுந்த கண்ணியைப் போட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு பையன் இருப்பான். அவனை மட்டும் பாருங்கள். அவன் கண் ஊசியில் இருக்கிறதா, தாத்தாவின் முகத்தில் இருக்கிறதா? முடிச்சைத் தப்பாகப் போட்டால் தாத்தா வாயால் சொல்கிறாரா, கையைப் பிடித்துத் திருத்துகிறாரா, ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்துவிட்டுத் தானே மெதுவாக ஒரு முறை போட்டுக் காட்டுகிறாரா? அந்த மூன்றாவது ரகம்தான் பொன். அது வேலையா, பாடமா என்று உலகம் முழுக்க ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள்.

இது ஏன் மதிப்புள்ள வேலை என்றால், உளவியல் சோதனைகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள், அந்த நாடுகளில் வாழ்வதோ உலக மக்களில் 12 சதவீதம் பேர் மட்டுமே என்று 2010-ல் ஜோசப் ஹென்ரிக்கும் அவர் கூட்டாளிகளும் எடுத்துக்காட்டினார்கள். அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளை வைத்து "மனித மனம்" என்று எழுதிவிட்டார்கள். காசிமேட்டுப் பையன் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

ஒரு கண்டிப்பு. குழந்தைகளைக் கவனிக்கும் எந்த ஆய்வுக்கும் பெற்றோரின் சம்மதமும், உங்கள் கல்லூரி அல்லது பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதியும் முதலில் வேண்டும். தெரிந்த குப்பம், தெரிந்த மாமா என்று செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பிக்காதீர்கள். பெரியவர்களிடமும் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். ஆய்வு முடிந்ததும் என்ன கண்டீர்கள் என்று அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

ஆம்பளை புத்தி இப்படி, பொம்பளை புத்தி அப்படின்னு கற்காலத்துலயே முடிவாயிடுச்சுன்னு யூடியூப்ல சொல்றாங்களே, அதைத்தான் படிக்கிறீங்களா?

இல்லை. இன்று காணும் ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு, அதற்குத் தோதான ஒரு கற்காலக் காட்சியைக் கற்பனை செய்து, "அதனால்தான் இப்படி" என்று முடிப்பது ஆய்வாகாது. இந்தக் குறையைப் பரிணாம உயிரியலாளர்கள் ஸ்டீபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவாண்டினும் 1979-லேயே கடுமையாகச் சொல்லிவிட்டார்கள். உடலிலோ மனத்திலோ இருக்கும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பயனுக்காகவே வந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில, வேறொன்றின் பக்கவிளைவாக வந்திருக்கும்.

இப்படி யாராவது சொன்னால் முதல் கேள்விக்குச் சொன்ன பதிலுக்குப் போங்கள். எத்தனை சாட்சிகள் ஒரே பக்கம் கை காட்டுகின்றன? எது கிடைத்தால் இந்தக் கருத்து தப்பு என்று ஒப்புக்கொள்வார்கள்? பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் 9,000 ஆண்டுப் பழைய புதைகுழி ஒன்றில் வேட்டைக் கருவிகளோடு இருந்தது ஓர் இளம்பெண் என்று 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே ஒரு குழியை வைத்து எல்லாப் பெண்களும் வேட்டையாடினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் "பெண் எங்குமே வேட்டைக்குப் போகவில்லை" என்று சத்தியம் செய்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

எங்கப்பா கேட்கிறார்: மூளை, பரிணாமம்னு பேசி, கடைசியில எங்க சாதிக்கு அறிவு கம்மின்னு சொல்ற படிப்பா இது?

அப்பாவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நூறு வருடங்களுக்கு முன் இதே ஊரில் சாதிவாரியாக மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். அந்தக் காலத்து மானிடவியல் மூக்கின் அகலத்தை வைத்து மனிதரை மேல் கீழ் என்று அடுக்கியது. அது அறிவியல் வேடம் போட்ட அதிகாரம். இன்று மானிடவியல் வகுப்பில் இந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுக்காமல் ஓர் ஆசிரியர் தாண்டிப் போனால் எழுந்து கேளுங்கள்.

உண்மை என்ன? மனிதருக்குள் உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று லெவாண்டின் 1972-ல் கணக்கிட்டார். பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் அதை ஒட்டியே வந்தன. இந்தியாவில் வெவ்வேறு கூட்டத்தினர் பரவலாகக் கலந்துகொண்டிருந்தார்கள், அந்தக் கலப்பு நின்று, சொந்தக் கூட்டத்துக்குள்ளேயே மணக்கும் உள்மணம் இறுகியது ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்புதான் என்று 2013-ல் ஒரு மரபணு ஆய்வு காட்டியது. அத்திரம்பாக்கத்தின் 15 லட்சம் ஆண்டுகளுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன திட்டமிடுவது, பார்த்துக் கற்பது, மற்றவர் மனத்தை ஊகிப்பது எல்லாம் சாதி என்ற ஒன்று தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே எல்லா மனிதருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டவை. மதிப்பெண் வித்தியாசத்துக்குக் காரணம் தேடுகிறவர் பள்ளிக்கூடத்தையும் சாப்பாட்டுத் தட்டையும் அளக்கட்டும். அப்பாவை ஒரு நாள் படிப்பகத்துக்கு அழைத்து வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

நாங்க சர்ச்சுக்குப் போற குடும்பம். இதைப் படிச்சா நம்பிக்கை போயிடுமா?

ராயபுரத்துப் பிள்ளைகள் அதிகம் கேட்பது இது. பரிணாம உயிரியலைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவரான தியோடோசியஸ் டொப்ஜான்ஸ்கி கிறிஸ்தவர். மனித மரபணுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சிஸ் காலின்ஸும் விசுவாசி. நம்பிக்கை உங்கள் சொந்த விஷயம். விடைத்தாளில் சாட்சி வேண்டும், அவ்வளவுதான் துறை கேட்பது.

மனுஷன் எப்ப பேச ஆரம்பிச்சான்?

பாரிஸ் மொழியியல் சங்கம் 1866-லேயே "மொழியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாங்க மாட்டோம்" என்று விதி எழுதிவைத்தது. அவ்வளவு ஊகம் புழங்கியது. இன்று கொஞ்சம் பிடி கிடைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பேச்சுக் கோளாறு இருந்த ஒரு லண்டன் குடும்பத்தில் ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது 2001-ல் தெரிந்தது. அந்த மரபணுவின் நம் வடிவம் நியாண்டர்தாலுக்கும் இருந்தது என்று 2007-ல் தெரிந்தது. அந்த மரபணுவை "மொழி மரபணு" என்று பத்திரிகைகள் கொண்டாடின. மொழி ஒரே மரபணுவில் தொங்கவில்லை. வாயசைவு, கேட்பது, நினைவு, எதிரே இருப்பவர் மனத்தை ஊகிப்பது என்று பலதும் சேர்ந்தது அது. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் வந்திருக்கலாம். தேதி கேட்பவருக்கு ஒரே தேதி கிடையாது.

எல்லாம் சரிம்மா, எம்.ஏ. முடிச்சா பொண்ணுக்கு வேலை கிடைக்குமா?

முதுகலை முடித்த கையோடு இந்தத் துறை பெயரிலேயே வேலை கிடைப்பது அரிது. இதை மறைத்துப் பிள்ளையைச் சேர்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது. வழி இதுதான்: முதுகலையின் கடைசி வருடத்திலேயே நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு. மானிடவியலிலும் உளவியலிலும் எழுதலாம், உயிரியல் படித்தவர்களுக்குச் சிஎஸ்ஐஆர் நெட். அதில் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வு செய்யும் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. 2023-லிருந்து இந்தத் தொகை. அதற்குப் பிறகு 42,000. வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டே முனைவர் பட்டம் முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

அதன் பிறகு கல்லூரி ஆசிரியர் வேலை, இந்திய மானிடவியல் ஆய்வகம், அருங்காட்சியகம், தொல்லியல் துறை, குழந்தை வளர்ச்சி சார்ந்த ஆய்வு நிறுவனங்கள் என்று போகலாம். குடிமைப் பணித் தேர்வில் மானிடவியல் விருப்பப் பாடமாக இருக்கிறது. மென்பொருள் நிறுவனங்களில் பயனர் எப்படி யோசிக்கிறார் என்று ஆராயும் வேலைக்கும் இந்தப் பயிற்சி பொருந்தும். படிப்பு முடிந்த மாதமே சம்பளம் வந்தாக வேண்டிய வீடு என்றால், வேலை பார்த்துக்கொண்டு ஓரிரு வருடம் கழித்து வாருங்கள். இந்தத் துறைக்கு வயது தடையில்லை. ஜேஆர்எஃபுக்கு மட்டும் வயது வரம்பு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுல படிக்கலாம்னா ஏஜென்ட் இருபது லட்சம் கேட்கிறார். கட்டலாமா?

முதுகலைக்குக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள் என்பது என் கருத்து. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இந்தப் பாடத்துக்கு நேரான முதுகலை நடத்தியிருக்கிறார்கள், நல்ல இடம்தான், ஆனால் கட்டணம் நம் வீடுகளுக்குத் தாங்காது. அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் நல்ல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் சம்பளமும் கொடுக்கும். சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு மனிதத் தோற்றம் பற்றித் தனிச் சிறப்புப் பிரிவே இருக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் நிறுவனத்தைப் பற்றி முன்பே சொன்னேன். பண்டைய மரபணு ஆய்வுக்காக 2022-ல் நோபல் பரிசு வாங்கிய ஸ்வாந்தே பாபோ அந்த ஆய்வைச் செய்தது அங்கேதான்.

பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் அயல்நாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை தருகின்றன. பட்டியலின மாணவர்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 2022-ல் ஒரு விதி வந்தது: இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு உதவி கிடையாது. காசிமேட்டுத் தலைப்போடு விண்ணப்பித்தால் அடிபடலாம். எனவே விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை வரிக்கு வரி படித்துவிட்டுத் தலைப்பை எழுதுங்கள். இந்த வேலைகள் எதற்கும் ஏஜென்ட் தேவையில்லை. பேராசிரியருக்கு நேராக மின்னஞ்சல் எழுதலாம். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை நாலு வரியில் எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது. கட்டுரை எல்லாம் இங்கிலீஷ்லதானே?

ஆமாம், அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ஆய்வுக் கட்டுரையின் ஆங்கிலம் கதைப்புத்தக ஆங்கிலத்தைவிடச் சுலபம், ஒரே மாதிரி வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். சுருக்கத்தைப் படியுங்கள், அப்புறம் படங்களையும் அட்டவணைகளையும் பாருங்கள், பிறகு செய்முறைப் பகுதி. முன்னுரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். படித்ததை அன்றே தமிழில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். சொல்ல வராத இடம்தான் புரியாத இடம்.

கடைசியா ஒண்ணு. நம்ம மனசை வச்சே மனசை ஆராயறோம். நாமளே நம்மை ஏமாத்திக்க மாட்டோமா?

வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டது. ஏமாற்றிக்கொள்வோம், அடிக்கடி. உளவியலில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் ஏறத்தாழ 36 சதவீதத்தில்தான் முடிவு தெளிவாகத் திரும்ப வந்தது என்று 2015-ல் தெரிந்தது. துறையே ஆடிப்போனது. அதன் பிறகு பல ஒழுங்குகள் பரவின. என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை ஆய்வுக்கு முன்பே எழுதிப் பதிவு செய்வது, தரவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவது, ஒரே சோதனையைப் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து செய்வது.

காசிமேட்டு ஆய்வையே எடுத்துக்கொள்வோம். தாத்தா பையனுக்குக் "காட்டிக் கொடுத்தார்" என்று எனக்குத் தோன்றும் இடமெல்லாம் நான் பார்க்க ஆசைப்பட்ட இடமாகவும் இருக்கலாம். அதனால் எதைக் காட்டிக்கொடுப்பது என்று கணக்கில் எடுப்போம், எதை எடுக்க மாட்டோம் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு, என் கருத்து என்ன என்று தெரியாத இன்னொருவர் அதே வீடியோவைத் தனியாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். இருவர் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்குப் போட்டுக் கட்டுரையில் வெளியிட வேண்டும். ஒத்துப்போகாத இடங்களை அழிக்காமல் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறேன். அடுத்த ஆய்வுக்கான கேள்வி பெரும்பாலும் அங்கேயிருந்துதான் வருகிறது.